கேட் போட்டா குதிரை மட்டும் தாண்டும்!

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘செஸ்ஸில் ஒரே ஒரு விதியை மாற்றச் சொன்னால் எதை மாற்றுவீர்கள்?’ அவ்வளவுதான். எண்ணூரிலிருந்து பெரம்பூர் வரைக்கும் இத்தனை பேர் ராத்திரி தூங்காமல் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தீர்களா? ஒருவர்கூட ஒரு விதியோடு நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். பதில் சொல்ல முடிந்த கடிதங்கள் இங்கே.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவில் ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி வந்தால் சைக்கிளோடு அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்கும்போது தோன்றியது என் ‘கேட் செஸ்’. ஆளுக்கு ஆறு நகர்த்தல் ஆனதும் பலகையின் நடுக்கோட்டில் கேட் விழும், ஆளுக்கு ரெண்டு நகர்த்தல் வரை எந்தக் காயும் தாண்ட முடியாது. குதிரை மட்டும் தாண்டலாம். காயை வெட்ட டைஸ் உருட்டி நாலோ அதற்கு மேலோ விழ வேண்டும். ராணி விருப்பப்பட்டால் யானையும் மந்திரியுமாகப் பிரியலாம். சிப்பாய் பின்னாலும் நடக்கலாம். ஆளுக்கு ரெண்டு ராஜா. என் தம்பியைத் தவிர யாரும் ரெண்டாவது தடவை ஆட வர மாட்டேன் என்கிறார்கள். எங்கே தப்பு?
– மாணவன், கொருக்குப்பேட்டை

பதில்: தப்பு ஒன்றும் இல்லை தம்பி, அஞ்சாறு ஆட்டத்தை ஒரே பலகையில் கொட்டிவிட்டாய். பிரியாணி மேலேயே சாம்பாரையும் பாயசத்தையும் ஊற்றினால் உன் தம்பி வேண்டுமானால் பாசத்தில் சாப்பிடுவான், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். சிப்பாய் பின்னால் நடப்பது கூடவே கூடாது. சிப்பாய் திரும்பி வர முடியாது என்பதால்தான் செஸ் ஒரு முடிவை நோக்கிப் போகிறது. 50 நகர்த்தல் வரை யாரும் எதையும் வெட்டாமல், சிப்பாயையும் தொடாமல் ஓட்டினால் டிரா கேட்கலாம் என்று விதி வைத்திருப்பதும் அதனால்தான், சிப்பாய் ஒரு அடி வைத்தால் ஆட்டம் நிஜமாகவே ஒரு அடி முன்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். அது பின்வாங்கலாம் என்று ஆக்கிவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடும் வரைக்கும் முடியாது. டைஸும் வேண்டாம். டைஸ் நமக்குப் புதுசு இல்லை, நாலு பேர் டைஸ் போட்டு ஆடும் சதுரங்கத்தை இந்தியாவில் ஆடியதை அறிஞர் அல்பிரூனி சுமார் 1030லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அங்கே எந்தக் காயை நகர்த்துவது என்பதைத்தான் டைஸ் சொல்லும். உன் ஆட்டத்தில் பத்து நகர்த்தல் திட்டம் போட்டு ராணியை மாட்டவைத்தவன், கடைசியில் ரெண்டு விழுந்ததால் வெட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பான். அவன் ஏன் மறுபடி வருவான்? ராணி பிரிவது மோசமான யோசனை இல்லை, அதை இன்னொரு நோட்டில் எழுதி வை, அது வேறொரு ஆட்டம். ரெண்டு ராஜா பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

மிச்சம் இருப்பது கேட்டும் குதிரையும். இது பிரமாதம், நிஜமாகச் சொல்கிறேன். சீனச் சதுரங்கத்தில் பலகைக்கு நடுவே ஒரு ஆறு ஓடும், அவர்களுடைய யானை ஆற்றைத் தாண்டக்கூடாது, சிப்பாய் தாண்டிய பிறகுதான் பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் ஆறு எப்போதும் அங்கேயே இருக்கும். உன் கேட் வந்து வந்து போகிறது, அதுதான் அழகு. மூடும் நேரத்தில் யார் எந்தப் பக்கம் மாட்டினார்கள் என்பதே ஆட்டம். ராணியைத் தனியாக எதிராளி பக்கம் மேய விட்டவன் கேட் விழுந்ததும் வேர்த்துப் போவான். குதிரைக்கு விலை ஏறும், வழக்கமாக அதுவும் மந்திரியும் மூணு மூணு புள்ளி என்பார்கள், இங்கே நான் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்கிக்கொள்வேன்.

இப்போது ஓட்டைகள். கடிதத்தைப் படித்துவிட்டு நானும் மச்சானும் ஒரு ஸ்கேலை நடுவில் வைத்து ராத்திரி ஒன்பது ஆட்டம் ஆடிப் பார்த்தோம்.

முதல் ஓட்டை, எண்ணிக்கை. ஆளுக்கு ஆறு திறப்பு, ஆளுக்கு ரெண்டு மூடல் என்றால் கேட் விழுவதற்கு முந்தைய கடைசி நகர்த்தல் எப்போதும் கறுப்புக்கு. கறுப்பு ஒரு காயை வெட்டும், அதைத் திருப்பி வெட்ட வேண்டிய வெள்ளைக் காய் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும், கேட் டமார். இலவசமாக ஒரு காய். திறக்கும்போது முதல் நகர்த்தல் எப்போதும் வெள்ளைக்கு. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் அதே ஆளுக்கு அதே லாபம் வந்தால் அது ஆட்டம் இல்லை, குத்தகை. சரி செய்வது சுலபம்: ஆளுக்கு இத்தனை என்று எண்ணாமல் ரெண்டு பேர் நகர்த்தலையும் சேர்த்து எண்ணு, மொத்தச் சுற்று ஒற்றைப்படையாக வரட்டும். 9 திறப்பு, 4 மூடல், ஆக 13. முதல் தடவை மூடுவதற்கு முன் கடைசியாக நகர்த்துவது வெள்ளை, அடுத்த தடவை கறுப்பு, அப்புறம் வெள்ளை. 9, 4 என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நம்ம பக்கம் செஸ் போர்டு இல்லாத வீடு இருக்கலாம், கேரம் காயின் இல்லாத வீடு இருக்காது. கறுப்பு காயின் ஒன்பது, வெள்ளைக் காயினில் நாலு, வரிசையாக வைத்து நகர்த்தலுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வா. யாருக்கும் எண்ணிக்கை மறக்காது, சண்டையும் வராது.

ரெண்டாவது ஓட்டை, செக். என் யானை எட்டாம் வரிசையில், உன் ராஜா ஒன்றாம் வரிசையில், நடுவில் யாரும் இல்லை, இது செக். கேட் விழுந்தால்? நீ எழுதவே இல்லை. கேட் வழியாகச் செக்கும் போகாது என்று நான் முடிவு செய்துகொண்டேன், அப்படித்தான் ஆட்டம் சுவையாக இருக்கிறது. ஆனால் உடனே அடுத்த சிக்கல் வந்து நின்றது. மூடியிருக்கும்போது கடைசி நகர்த்தலை ஆடுவது நீ என்று வை. ராஜாவை என் யானையின் கோட்டிலேயே விட்டுவிட்டு வேறெதையோ நகர்த்துகிறாய். கேட் திறக்கிறது. இப்போது என் முறை, நான் ராஜாவையே வெட்டிவிடலாமா? எங்கள் மூன்றாவது ஆட்டத்தில் இதில்தான் கால் மணி நேரம் வாக்குவாதம். ஆகவே ஒரு வரி சேர்: மூடலின் கடைசி நகர்த்தலை ஆடுபவர், கேட் ஏற்கெனவே திறந்துவிட்டது போல நினைத்துத் தன் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். எப்படி ஆடினாலும் காப்பாற்ற முடியவில்லை என்றால் அது மேட், டிரா இல்லை.

இந்த ஒரு வரியால் என்ன ஆச்சு பார், செஸ்ஸில் இல்லாத ஒரு மேட் பிறந்துவிட்டது. இந்த நிமிஷம் செக்கே இல்லை, ஆனாலும் தோற்றுவிட்டாய், ஏனென்றால் கேட் திறக்கப்போகிறது. மச்சான் இதற்கு ‘கேட்மேட்’ என்று பெயர் வைத்தார். ஆறாவது ஆட்டத்தில் அதே கேட்மேட்டில் அவரே தோற்றார்.

மூன்றாவது சின்ன விஷயம். குதிரை தாண்டலாம் சரி, அந்தப் பக்கம் போய் வெட்டலாமா, செக் கொடுக்கலாமா? எல்லாம் கொடுக்கலாம் என்று எழுதிவிடு.

ஒரே ஒரு விதியை மாற்றிப் பெரிய பெயர் வாங்கியதற்கு உதாரணம் கேட்டால், முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996ல் பியூனஸ் அயர்ஸில் அறிவித்த ஆட்டம். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைக்க வேண்டும், மந்திரிகள் வேறு வேறு நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும், ராஜா ரெண்டு யானைக்கும் நடுவில். ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் சேர்ந்து நகரும் காஸ்லிங்கை அதற்கேற்ப ஒட்டவைத்தார்கள், மற்றதெல்லாம் பழையபடி. மந்திரிகளுக்கு 16 வழி, ராணிக்கு 6, குதிரைகளுக்கு 10, மிச்ச மூணு கட்டத்தில் யானை, ராஜா, யானை. பெருக்கினால் 960. அதனால் பெயரே செஸ் 960. மனப்பாடம் செய்த ஓப்பனிங் எல்லாம் ஒரே அடியில் போச்சு. விதி ஒன்று, விளைவு ஆயிரம்.

அப்புறம் பரிசோதனை. புது ஆட்டத்தை ஜெயிப்பதற்காக ஆடிப் பார்க்காதே, உடைப்பதற்காக ஆடு. ஒருவருக்கு ஒரே வேலை, குறுக்குவழி தேடுவது. மகாராஜாவும் சிப்பாய்களும் என்று ஒரு பழைய ஆட்டம் உண்டு: ஒரு பக்கம் முழுப் படை, மறுபக்கம் ஒரே ஒரு மகாராஜா, ராணி மாதிரியும் போவார், குதிரை மாதிரியும் தாவுவார். முதல் தடவை ஆடுகிறவன் நடுங்கிப்போவான். ஆனால் படைக்காரன் ஒரு காயையும் ஆதரவில்லாமல் விடாமல் பொறுமையாக முன்னேறினால் மகாராஜாவுக்குப் போக்கிடமே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தெரிந்தபிறகு அதில் பயமும் போச்சு, பாதி சுவையும் போச்சு. எல்லாக் காயையும் பறிகொடுத்தவன் ஜெயிக்கும் ‘தோற்றால் வெற்றி’ ஆட்டத்திலும் அப்படித்தான், ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஆரம்பித்தால் வெள்ளை கட்டாயம் ஜெயிக்கும் என்று 2016ல் கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்தார்கள். ஆனால் அதற்கான வழியை எந்த மனிதனாலும் மனப்பாடம் செய்ய முடியாது, அதனால் அந்த ஆட்டம் இன்னும் ஜோராக ஓடுகிறது. செஸ்ஸில் சில விதிகளை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க, டீப்மைண்ட் கம்பெனிக்காரர்கள் ஆல்ஃபாஜீரோ என்ற கம்ப்யூட்டர் புரோகிராமைத் தனக்குத்தானே ஆடவிட்டுச் சோதித்தார்கள். உனக்கு ஆல்ஃபாஜீரோ இல்லை, தம்பி இருக்கிறான். சலிக்காமல் ஆடுகிறான் இல்லையா, அவனை விடாதே.

கேள்வி: பையன் செஸ் கிளாஸ் போகிறான். இந்த மாதிரி கோணல் ஆட்டங்கள் ஆடினால் நிஜ ஆட்டம் கெட்டுவிடும் என்று கோச் திட்டுகிறார். உண்மையா?
– இல்லத்தரசி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: கோச் பயம் எனக்குப் புரிகிறது அக்கா. 2022ல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்து, நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார், இப்போது தெருவுக்குத் தெரு கிளாஸ். ஒவ்வொரு அப்பா அம்மாவும் ரேட்டிங்கைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். அந்த அழுத்தத்தில் கோச் வேறென்ன சொல்வார்?

ஆனால் உலக சாம்பியனாக இருந்தவர்களே கோணல் ஆட்டத்தைத் தேடிப் போகிறார்கள். விளாதிமிர் கிராம்னிக் 2019ல் காஸ்லிங்கே இல்லாமல் ஆடலாம் என்று யோசனை சொன்னார். அந்த விதியில் ஒரு போட்டி 2021 ஜனவரியில் நம்ம சென்னையிலேயே நடந்தது. மேலே சொன்ன 960 ஆட்டத்துக்கு உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே அங்கீகரித்த முதல் உலகப் போட்டி 2019ல், இறுதியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனையே வெஸ்லி சோ தோற்கடித்தார்.

காஸ்லிங் இல்லாமல் ஒரு வாரம் ஆடிய பிள்ளைக்குத்தான் காஸ்லிங் எதற்கு என்று புரியும். எனக்கு ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு: ரெண்டு போர்டு, நாலு பேர், வெட்டிய காயைக் கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுத்து ஆடுவார்களே, அந்த ஆட்டத்தைப் போட்டிக்கு முந்தைய வாரம் வேண்டாம். அதில் கை பரபரக்கும், தொட்ட காயை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். போட்டியில் தொட்டால் நகர்த்தியாக வேண்டும், அங்கே அழுது பயனில்லை.

கேள்வி: நாங்கள் சின்ன வயதில் ஆடியபோது சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரை மாதிரி தாவலாம். பேரன் ‘தாத்தா சொந்தமா ரூல் போடுறார்’ என்று சிரிக்கிறான்.
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ராயபுரம்

பதில்: ஐயா, நீங்கள் சொன்னது அசல் இந்திய முறை. காஸ்லிங் கிடையாது, அதற்குப் பதில்தான் அந்தக் குதிரைத் தாவல், அதுவும் செக் வாங்கிவிட்டால் போச்சு. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் நினைத்ததெல்லாம் ஆக முடியாது, போய்ச் சேர்ந்த கட்டத்தில் ஆட்ட ஆரம்பத்தில் எந்தக் காய் இருந்ததோ அதுவாகத்தான் ஆகும். பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கான் இந்த முறையில் வளர்ந்தவர். வெளிநாட்டு விதிகளைப் பெரியவரான பிறகு கற்றுக்கொண்டு, லண்டன் போய், 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

பேரன் ஆடுவதைத்தான் யாரோ மாற்றியமைத்தது என்று சொல்லுங்கள். 15ஆம் நூற்றாண்டுக் கடைசி வரைக்கும் ராணிக்குக் குறுக்காக ஒரே கட்டம்தான். இப்போதைய மந்திரியின் இடத்தில் இருந்த காய் குறுக்காக ரெண்டாவது கட்டத்துக்குத் தாவும், அவ்வளவே. ஸ்பெயின், இத்தாலி பக்கத்தில் வேகம் போதவில்லை என்று ரெண்டையும் அவிழ்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பேரனை உங்கள் விதியில் ஒரு ஆட்டம் உட்கார வையுங்கள். ராஜா தாவும்போது அவன் முகத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: புது செஸ் கண்டுபிடித்தால் பேட்டன்ட் வாங்கிக் காசு பார்க்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியாது. 1970ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டம் 3ஆவது பிரிவில், ஆட்டம் ஆடும் முறை என்பது கண்டுபிடிப்பே ஆகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நீங்கள் எழுதிய விதிப் புத்தகத்தின் வாசகம், படங்கள் இவற்றுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு. பெயரை வியாபாரச் சின்னமாகப் பதியலாம். ஆனால் விதியை யார் வேண்டுமானாலும் ஆடலாம். காசு பார்க்க ஆசையென்றால் போர்டு விற்கலாம்.

கேள்வி: வெட்டினால் வெடிக்கும் செஸ் என்று ஒன்று இருக்கிறதாமே? எங்கள் தெருவில் நாங்களே கண்டுபிடித்தோம் என்று பந்தாவாகத் திரிந்தோம்.
– நால்வர், திருவொற்றியூர்

பதில்: இருக்கிறது. ஒரு காயை வெட்டினால் வெட்டியது, வெட்டுப்பட்டது, சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் சிப்பாய் தவிர எல்லாம் காலி. வருத்தப்படாதீர்கள், நீங்கள் பார்க்காமல் கண்டுபிடித்திருந்தால் அதுவும் கண்டுபிடிப்புதான். உங்கள் விதியில் பக்கத்துச் சிப்பாயும் செத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் சறுக்கல், ஆரம்பத்திலேயே பலகை மைதானமாகிவிடும். சிப்பாயைக் காப்பாற்றி ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்கிறீர்களே, நீங்கள் ஒன்றாவது உருவாக்கியதுண்டா?
– வாசகி, காசிமேடு

பதில்: உண்டு, உங்கள் ஊர்தான் காரணம். விடியற்காலையில் மாமாவோடு துறைமுகத்துக்கு மீன் வாங்க வந்து அங்கே நடக்கும் ஏலத்தைப் பார்த்துவிட்டு, தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் ‘ஏலச் சதுரங்கம்’ ஆரம்பித்தேன். ராஜாக்கள் போக 30 காய், ஒவ்வொன்றாக ஏலம், ஆளுக்கு 39 புளியங்கொட்டை. ஏன் 39? ராணி 9, யானை 5, மந்திரி குதிரை 3, சிப்பாய் 1 என்று கூட்டினால் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் வரும். கணக்கெல்லாம் சரி. ஆனால் ஏலம் ரெண்டு மணி நேரம் போனது, ஆட்டம் பத்து நிமிஷம். அத்தை பையன் ராணியைத் தொடவே இல்லை, ஆளில்லாத நேரம் பார்த்து 14 சிப்பாயை ஒரு கொட்டை, ஒரு கொட்டையாக அள்ளிவிட்டு எங்கே நிற்க வைப்பது என்று தெரியாமல் முழித்தான்.

பார்த்துக்கொண்டிருந்த மாமாதான் சொன்னார், ‘ஏலத்தை விடுங்கடா, கூறு போடுங்க. கூறு போடுறவன் ஒருத்தன், எடுக்குறவன் இன்னொருத்தன்.’ அவ்வளவுதான், ஆட்டம் உட்கார்ந்துவிட்டது. ஒருவன் 30 காயையும் ரெண்டு கூறாகப் பிரிப்பான், ஒரு கூறுக்கு 15 காய், மற்றவன் எது வேண்டுமோ எடுத்துக்கொள்வான். ஏமாற்றிப் பிரித்தால் பிரித்தவனுக்குத்தான் நஷ்டம். சில பெரிய போட்டிகளில் டை ஆனால் கறுப்புக் காய்க்காக எவ்வளவு குறைந்த நேரத்தில் ஆடுவேன் என்று ஏலம் கேட்கிறார்களே, டிரா ஆனாலும் கறுப்புக்கே வெற்றி என்று வைத்து, அதுவும் ஏறக்குறைய இதே சமாச்சாரம்.

நாங்கள் ரொம்ப நாள் சண்டை போட்ட கூறு ஒன்று சொல்கிறேன். ஒரு பக்கம் ரெண்டு ராணி, நாலு குதிரை, ஒன்பது சிப்பாய். மறுபக்கம் நாலு யானை, நாலு மந்திரி, ஏழு சிப்பாய். ரெண்டும் சரியாக 39. ரெண்டு நிறக் காயும் கலந்துவிடுவதால் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒரு கூறுக்கு ஒட்டினோம். நான் எப்போதும் ராணிகளைத்தான் எடுப்பேன், முக்கால்வாசி தடவை யானைகள் என்னை மிதித்துப்போட்டன. அந்த செட் இன்னும் பரணில் இருக்கிறது, ரெண்டு குதிரை நெற்றியில் சிவப்புப் பொட்டு இப்போதும் வரவில்லை.